தொலைந்தால் யார் பொறுப்பு?

அக்கா பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தாளிப்பு வடகம் போட்டு விற்கிறாள். சின்ன வெங்காயம் அந்த மண்ணின் பயிர். அறுவடை முடிந்து விலை சரியும்போது மூட்டைகளாக வாங்கி, இடித்து, கடுகு, வெந்தயம், உளுந்து, பூண்டு சேர்த்துப் பிசைந்து, சித்திரை வெயிலில் உருண்டை பிடித்துக் காயவைப்பாள். கூட இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். வெயில் காலத்தில் போட்டதை மழைக்காலத்தில் விற்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். மழை பிடித்தபின் யாரும் வடகம் போட முடியாது.

2023 நவம்பர் 3ஆம் தேதி, சென்னையில் ஒரு மளிகைக் கடைக்கு 40 கிலோ வடகம் கூரியரில் அனுப்பினாள். கிலோ 450 ரூபாய், மொத்தம் 18,000. அவளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் அது. நான்கு நாளில் போய்ச் சேரவேண்டிய பெட்டிகள் பதினைந்து நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தன. எங்கோ ஒரு கொட்டகையில் மழையில் நின்றிருக்கின்றன. அட்டை ஊறி, உருண்டைகள் குழைந்து, பூஞ்சை பிடித்துவிட்டன. கடைக்காரர் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, "மேடம், இதை நான் வாங்க முடியாது" என்று சொல்லிவிட்டார். அடுத்த ஆர்டரும் வரவில்லை. திரும்ப அனுப்ப வீட்டில் சரக்கு இல்லை, அடுத்த சித்திரை வரை வரப்போவதும் இல்லை. வேலை செய்த பெண்களுக்குத் தரவேண்டிய பாக்கியைத் தோட்டை அடகு வைத்துக் கொடுத்தாள்.

கூரியர் அலுவலகத்தில் ரசீதைத் திருப்பிக் காட்டினார்களாம். பின்பக்கம் பொடி எழுத்தில், அதிகபட்ச இழப்பீடு 500 ரூபாய் என்று அச்சடித்திருந்தது.

"தம்பி, நீதானே கம்ப்யூட்டர்ல எல்லாம் பாக்குற. எந்தக் கூரியரை நம்பலாம்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடு" என்றாள் போனில்.

போட்டுக் கொடுத்தேன். எக்செல் ஷீட். எட்டு நிறுவனங்கள், கிலோவுக்கு என்ன கட்டணம், எத்தனை நாள், வீட்டுக்கே வந்து எடுப்பார்களா, டிராக்கிங் உண்டா, எத்தனை பின்கோடுகளுக்குப் போகிறார்கள் என்று பன்னிரண்டு பத்திகள். அவள் அதை வாட்ஸ்அப்பில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுல தொலைஞ்சா யார் பொறுப்புன்னு ஒரு கட்டம் இல்லையே?"

அந்தக் கட்டத்தை நிரப்பப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. அதை நிரப்புவதற்கு ஏறக்குறைய இருநூறு வருடம் பின்னால் போகவேண்டியிருந்தது.

*

அரியலூர், பெரம்பலூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு சிமென்ட், முந்திரி, வெங்காயம், வறட்சி. ஆனால் சரக்குப் போக்குவரத்தின் கண்ணால் பார்த்தால் இந்த வட்டாரத்துக்கு வினோதமான வரலாறு இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்கு முன் கங்கையிலிருந்து இன்றைய அரியலூர் மாவட்டத்துக்கு நீர் வந்து சேர்ந்தது. ராஜேந்திரன் அந்த நீரைக் கொண்டு சோழகங்கத்தில் ஒரு நீர்மயமான வெற்றித்தூணை நிறுவினான் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. இந்த ஊருக்கு வந்த டெலிவரிகளில் அதுதான் மிக நீண்ட பாதையில் வந்தது என்று நினைக்கிறேன். தொலைந்திருந்தால் யார் பொறுப்பு என்பதில் அப்போது யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. சுமந்தவன் தலைதான் பொறுப்பு.

இங்கிருந்து வெளியே போனவற்றில் எனக்குப் பிடித்தது கற்கள். 1840களில் கேய், கன்லிஃப் என்ற ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் தொல்லுயிர்ப் படிவங்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் எழுதினார். பின்னால் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை அளந்து வகுத்தார். அதனால்தான் உலகப் புவியியல் நூல்களில் 'அரியலூர்' ஒரு பாறைத் தொகுதியின் பெயராக நிற்கிறது. மாட்டு வண்டியிலும் கப்பலிலும் போன நத்தைக் கூடுகள் உடையாமல் போய்ச் சேர்ந்தன. அக்காவின் வடகம் 270 கிலோமீட்டர் போகவில்லை.

*

நம்மூரில் ஒழுங்கான தபால் என்பது கம்பெனியோடு வந்தது. சென்னையில் பொதுத் தபால் அலுவலகம் 1786இல் தொடங்கியது. கடிதப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் சலங்கை கட்டிய ஈட்டியோடு ஓட்டக்காரர்கள் ஓடினார்கள். ஒருவர் சில மைல் ஓடி அடுத்தவரிடம் பையை மாற்றிவிடுவார். இரவில் பந்தம் பிடிக்க ஆள் உண்டு. கட்டணம் தூரத்தைப் பொறுத்தது.

1854இல்தான் இதெல்லாம் மாறியது. டல்ஹௌசி காலத்துச் சட்டம், தூரக் கணக்கை ஒழித்தது. கால் தோலா எடைக்குள் இருக்கும் கடிதம் இந்தியாவுக்குள் எங்கே போனாலும் அரையணா. பக்கத்து ஊருக்கும் பெஷாவருக்கும் ஒரே ஸ்டாம்பு. இன்று கூரியர் கம்பெனிக்காரர் 'ஏ ஜோன், பி ஜோன்' என்று விலைப்பட்டியல் நீட்டும்போதெல்லாம் எனக்கு இந்த அரையணா ஞாபகம் வரும். லாபமில்லாத ஊருக்கும் போயாகவேண்டும் என்ற பொறுப்பு அந்த ஸ்டாம்புக்குள் இருந்தது. இன்றைக்கும் எங்கள் கிராமத்துக்கு எந்தத் தனியார் கூரியரும் வருவதில்லை. "டவுனுக்கு வந்து வாங்கிக்குங்க" என்று போன் வரும். தபால்காரர் மட்டும் வருகிறார்.

அடுத்து வந்தவை இன்னும் முக்கியம். 1877இல் வி.பி.பி. வந்தது. பொருளைத் தபாலில் அனுப்பு. வாங்குகிறவர் தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பார்சலை எடுத்துக்கொள்வார். பணம் உனக்கு வந்து சேரும். 1880இல் மணியார்டர். இன்று 'கேஷ் ஆன் டெலிவரி' என்று புதிதுபோல் சொல்கிறோம். ஃபிளிப்கார்ட் அதை 2010இல் கொண்டுவந்தபோது நாங்கள் கல்லூரியில் அதிசயமாகப் பேசிக்கொண்டோம். 130 வருடப் பழைய சரக்கு அது. பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டினால் லேகியத்திலிருந்து பஞ்சாங்கம் வரை எல்லா விளம்பரத்திலும் 'வி.பி.பி.யில் அனுப்பப்படும்' என்ற வரி கிடக்கும். முகம் தெரியாத இருவர் வியாபாரம் செய்வதற்கு, இரண்டு பேரும் நம்பும் மூன்றாம் ஆள் ஒருவர் வேண்டும். சைக்கிளில் வரும் தபால்காரர்தான் அந்த மூன்றாம் ஆள்.

சரி, இந்தத் தபால்காரர் தொலைத்துவிட்டால்?

1898ஆம் ஆண்டின் இந்தியத் தபால் அலுவலகச் சட்டம் 6ஆம் பிரிவில் இதற்குப் பச்சையாகப் பதில் சொல்லியது. தொலைந்தாலும், தவறான ஊருக்குப் போனாலும், தாமதமானாலும், சேதமானாலும், அரசு வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அளவுக்கு மேல் அதற்குப் பொறுப்பில்லை. ஊழியரும் மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்தால் ஒழியப் பொறுப்பில்லை. ஒரு கட்டணத்தில் இந்தியா முழுக்கக் கொண்டுபோகிறோம், ஆனால் இழப்பீடு கேட்காதே என்பதுதான் அரசு போட்ட ஒப்பந்தம்.

அதே சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்தால் மறுபக்கம் தெரியும். தபால் ஊழியர் ஒரு தபாலைத் திருடினாலோ, மறைத்தாலோ, அழித்தாலோ ஏழு வருடம் வரை சிறை. அரசு பணத்தால் பொறுப்பேற்கவில்லை. ஆளின் மேல் பொறுப்பை வைத்தது. எங்கள் அப்பத்தா மணியார்டர் பாரத்தில் பெருவிரல் ரேகை வைத்துவிட்டு ரூபாய் நோட்டை எண்ணக்கூட மாட்டாள். அவளுக்கு 6ஆம் பிரிவும் தெரியாது, 52ஆம் பிரிவும் தெரியாது. தினமும் அதே மனிதர் வருவார் என்பது மட்டும் தெரியும்.

*

தபால் அல்லாத சரக்குக்கு வேறு கதை. வண்டி, படகு, பின்னால் லாரி என்று கூலிக்குச் சரக்கு ஏற்றுகிறவர்களுக்காக 1865இல் ஒரு சட்டம் வந்தது. இங்கிலாந்தின் 1830ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டியது. அதன் வேர் இன்னும் பழசு. பொதுவில் கூலிக்குச் சரக்குச் சுமக்கிறவன் தொலைத்தால் அவனே ஈடு கட்டவேண்டும் என்பது ஆங்கிலேயப் பொதுச்சட்டம். காரணம் எளியது. அவன் வழிப்பறிக்காரனோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு 'களவு போய்விட்டது' என்றால், வீட்டில் உட்கார்ந்திருக்கும் வியாபாரி அதை எப்படி நிரூபிப்பான்? ஆகவே நிரூபிக்கும் சுமையை அவனிடமிருந்து எடுத்துவிட்டார்கள். 1865 சட்டத்தின் 9ஆம் பிரிவு, வழக்குப் போடுகிறவர் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்றது.

அதில் இன்னொரு விதியும் இருந்தது. தங்கம், வெள்ளி, முத்து, கடிகாரம், பட்டு போன்ற பட்டியலிட்ட பொருட்கள் 100 ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால், ஒப்படைக்கும்போதே மதிப்பைச் சொல்லவேண்டும். சொன்னால் வண்டிக்காரர் கூடுதல் கூலி கேட்கலாம். சொல்லாவிட்டால் தொலைந்தபின் கேட்க முடியாது. 'சொல்லாத மதிப்புக்குப் பொறுப்பில்லை' என்ற இந்த ஒரு எண்ணம்தான் லாரி ஆபீஸ் வழியாக, ஏர் பார்சல் வழியாக, அக்காவின் ரசீதுக்குப் பின்பக்கம் வரை வந்திருக்கிறது.

ஆக, 19ஆம் நூற்றாண்டின் முடிவில் இரண்டு வழிகள் இருந்தன. பொறுப்பேற்காத, ஆனால் எங்கும் போகிற தபால். பொறுப்பேற்கிற, ஆனால் மதிப்பைச் சொல்லிக் கூலி கொடுக்கவேண்டிய வண்டி. கடிதத்தை மட்டும் வண்டிக்காரர் தொடக்கூடாது. 1898 சட்டம் கடிதம் சுமப்பதை அரசின் தனியுரிமை ஆக்கியது. அந்த வழியாகப் போகும் நண்பர் கூலி வாங்காமல் கொண்டுபோகலாம். ஆட்களையோ சரக்கையோ ஏற்றுகிற வண்டிக்காரர்கள், தங்கள் வண்டியிலுள்ள சரக்கு சம்பந்தப்பட்ட கடிதத்தைத் தவிர வேறு எதையும் எடுத்துச் செல்லக்கூடாது. "அண்ணே, இந்தக் கவரை துறையூர்ல எங்க மாமா வந்து வாங்கிக்குவாரு" என்று பஸ் கண்டக்டரிடம் நாம் கொடுத்ததெல்லாம் சட்டப்படி தப்பு. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அந்தத் தப்பை நான் குறைந்தது நூறு முறை செய்திருப்பேன். ஒன்றும் தொலைந்ததில்லை.

*

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ரயில். விழுப்புரம் திருச்சி கார்டு லைன் 1920களின் கடைசியில் வந்தபோது அரியலூர் வழியாகப் போனது. பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் நிலையம் இல்லை. மாவட்டத் தலைநகரமாகியும் இல்லை. அதனால் அரியலூர் ரயிலையும் பெரம்பலூர் நெடுஞ்சாலையையும் நம்பி வளர்ந்தன. முந்திரி மூட்டை பார்சல் ஆபீஸில் ஏறியது, வெங்காய மூட்டை லாரியில் ஏறியது.

பொறுப்பு என்ற சொல்லை இந்த மண்ணில் நின்று பேசும்போது 1956 நவம்பர் 23ஐத் தாண்டிப் போக முடியாது. அன்று அதிகாலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டியதும் மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. விடாத மழையில் ஆற்று வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நல்ல மழை பெய்யும் இரவுகளில் இப்போதும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அதே வருடம் மகபூப்நகர் விபத்துக்குப் பிறகு அவர் கொடுத்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை. இந்த முறை ஏற்றுக்கொண்டார். பாலத்தைக் கட்டியவர் சாஸ்திரி அல்ல. மழையும் அவர் கையில் இல்லை. எந்தச் சட்டப் பிரிவும் அவரைப் பொறுப்பாளி ஆக்கவில்லை. இருந்தும் பொறுப்பு என்னுடையது என்று ஒருவர் எழுந்து சொன்னார். பள்ளிப் பாடத்தில் இதை நேர்மைக்கு எடுத்துக்காட்டாகப் படித்தோம். இப்போது எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. ஒரு பெரிய அமைப்பில் தவறு நடந்தால் அது ஆயிரம் கைகளில் சிதறிவிடும். யாராவது ஒருவர் அதைத் திரட்டித் தன் பெயரில் எழுதிக்கொண்டால்தான் பாதிக்கப்பட்டவருக்குப் பேச ஒரு முகம் கிடைக்கும். அடுத்த வருடமே சாஸ்திரி போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சராகத் திரும்பி வந்தார். தபால் துறை அவர் கையில்தான் இருந்தது.

என் கவனத்துக்கு வந்த இன்னொரு விஷயம். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001 ஜனவரி 1ஆம் தேதி அரியலூர் பிரிந்து, 2002 மார்ச்சில் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, கடைசியாக 2007இல் மீண்டும் தனி மாவட்டம் ஆனது. அந்த நாள் நவம்பர் 23. விபத்து நடந்து சரியாக 51 வருடம். தற்செயல்தான்.

இந்தப் பிரிவும் சேர்வும் தபால்காரரைக் குழப்பவில்லை. காரணம் பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15இல் அது வந்தது. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற தபால் துறை அதிகாரி, ஒரே பெயரில் பல ஊர்களும் பல எழுத்துகளில் முகவரிகளும் உள்ள ஒரு தேசத்துக்கு ஆறு இலக்கத்தில் ஒரு வழி கண்டார். முதல் மூன்று இலக்கம் பிரித்தெடுக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அலுவலகத்தையும் குறிக்கும். பெரம்பலூர் 621212, அரியலூர் 621704. இரண்டும் இன்னும் திருச்சியின் 621தான். மாவட்டம் நான்கு முறை மாறியும் எண் மாறவில்லை.

கூரியர் கம்பெனிகளின் மென்பொருளும் இதே ஆறு இலக்கத்தின் மேல்தான் ஓடுகிறது. நான் சில காலம் இந்தத் துறைக்கு மென்பொருள் எழுதியிருக்கிறேன். எங்கள் டேட்டாபேஸில் 'ஆலத்தூர்' என்று தேடினால் பெரம்பலூர் மாவட்ட ஆலத்தூர், செங்கல்பட்டுப் பக்கத்து ஆலத்தூர், கேரளத்து ஆலத்தூர் எல்லாம் வந்து நிற்கும். ஒரு இலக்கம் மாறினால் வெங்காய வடகம் பாலக்காட்டுக்குப் போகும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். திரையில் தெரிகிற 'அவுட் ஃபார் டெலிவரி' என்பது நடந்த விஷயம் அல்ல. யாரோ ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தியதால் ஒரு வரிசையில் விழுந்த ஒரு சொல். 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்பதும் அப்படித்தான். மாலை ஆறு மணிக்குள் கணக்கு முடிக்கவேண்டிய ஒரு பையன், போகாத வீட்டுக்கும் அதை அழுத்துவான். டிராக்கிங் இருப்பதால் பார்சல் பத்திரம் என்று நினைக்கிறோம். பார்சல் எங்கே கடைசியாக ஸ்கேன் ஆனது என்பதைத்தான் அது சொல்லும். மழையில் நின்றதைச் சொல்லாது.

*

1980களில் தனியார் கூரியர்கள் வந்தன. 1983இல் புளூ டார்ட், 1987இல் புரொஃபஷனல், 1990இல் டி.டி.டி.சி. நடுவில் 1986 ஆகஸ்டில் தபால் துறையே ஸ்பீட் போஸ்ட் தொடங்கியது. கடிதம் சுமக்கும் தனியுரிமை அரசுடையது என்பதால் கூரியர்கள் கடிதத்தை 'டாக்குமெண்ட்' என்றே சொல்லி வந்தன. தபால் பொறுப்பேற்பதில்லை, நாங்கள் வேகமும் பொறுப்பும் தருகிறோம் என்பதுதான் அவர்கள் விற்ற சரக்கு.

அந்தப் பொறுப்பின் அளவு 1996இல் தெரிந்தது. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற பின்னலாடை நிறுவனம், 1990இல் ஜெர்மன் வாடிக்கையாளருக்கு வேண்டிய ஆவணங்களை டி.எச்.எல். மூலம் அனுப்பியது. கவர் போய்ச் சேரவில்லை. நகலை அனுப்பிச் சேர்ப்பதற்குள் கோடைக்கால வியாபாரம் முடிந்துவிட்டது, வாங்கியவர் விலையைக் குறைத்துத்தான் கொடுத்தார். நஷ்டம் 4 லட்சத்து 29 ஆயிரத்துச் சொச்சம். மாநில நுகர்வோர் ஆணையம் அதைக் கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையம் 100 டாலர் போதும் என்றது. உச்ச நீதிமன்றமும் அந்த 100 டாலரையே உறுதி செய்தது. ரசீதில் அந்த வரம்பு அச்சிடப்பட்டிருந்தது, அனுப்பியவர் கையெழுத்திட்டிருந்தார், ஆகவே அது ஒப்பந்தம். பருவம் தவறிய சரக்கு, பொடி எழுத்தில் ஒரு வரம்பு. இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு அக்கா ஞாபகம்தான் வந்தது.

ஆனால் அதற்குப் பிறகு ஒன்று நடந்திருக்கிறது. அதிகம் பேருக்குத் தெரியாது. 1865 சட்டத்துக்குப் பதிலாக 2007இல் சாலைவழிச் சரக்குச் சட்டம் வந்து, 2011 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதில் 'பொதுச் சரக்காளர்' என்பதன் இலக்கணத்துக்குள் கூரியர் ஏஜென்சியையும் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டார்கள். அதன் விதிப்படி, மதிப்பு அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாத சரக்குக்கு இழப்பீட்டு வரம்பு, கட்டணத்தைப் போல் பத்து மடங்கு. மதிப்பை அறிவித்து அதற்கான கட்டணம் கட்டினால் அந்த மதிப்பு வரை கேட்கலாம். ஒரு நிபந்தனை: வழக்குக்கு முன் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்கவேண்டும், அதுவும் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள்.

இதை நான் கண்டுபிடித்தபோது ஏப்ரல் நடுவாரம். உட்கார்ந்து நாள் எண்ணினேன். 160ஐத் தாண்டியிருந்தது.

*

ஊருக்குப் போனேன். அக்கா மொட்டை மாடியில் அந்த வருடத்து வடகத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் விளக்கெண்ணெய். விஷயத்தைச் சொன்னேன்.

"விட்ருடா. போனது போச்சு. அவங்க பெரிய கம்பெனி."

"கட்டணம் எவ்வளவு கட்டின?"

"ஆயிரத்து நூத்தி இருபது."

"பத்து மடங்கு பதினோராயிரத்து இருநூறு."

அவள் உருட்டுவதை நிறுத்தினாள். "ஐநூறுன்னு சொன்னானே?"

தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால், 165ஆவது நாளில், சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பக்க நோட்டீஸ் அனுப்பினோம். எதில் அனுப்புவது என்று யோசிக்கவே இல்லை. ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்டர் தபால். இழப்பீடு தராத அதே தபால். ஐந்தாவது நாள் சீலும் கையெழுத்துமாக அட்டை திரும்பி வந்தது. அதற்கப்புறம் இரண்டு மாதம் போன், மெயில். ஒரு நாள் அக்காவின் கணக்கில் 11,200 ரூபாய் விழுந்தது. மன்னிப்புக் கடிதம் எதுவும் இல்லை. மீதி 6,800 ரூபாய், புக்கிங் சீட்டில் 'சரக்கின் மதிப்பு' என்ற கட்டத்தைக் காலியாக விட்டதற்கு நாங்கள் கொடுத்த விலை. 1865இலேயே எழுதி வைத்த விதி அது.

இப்போது அவள் எப்படி அனுப்புகிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழில் செய்கிறவர்கள் யாருக்காவது உதவும்.

முதலில் நான் போட்ட எக்செல் ஷீட்டை ஓரம் கட்டினாள். ஒரே வாரத்தில் அரைக்கிலோ உப்புப் பாக்கெட்டுகளை நான்கு கூரியர்களிலும் ஸ்பீட் போஸ்டிலுமாக, சொந்தக்காரர்கள் இருக்கும் ஆறு ஊர்களுக்கு அனுப்பினாள். எந்தப் பெட்டி எந்த நாளில், எந்த மூலை நசுங்கி வந்தது என்று போட்டோ அனுப்பச் சொன்னாள். நகரங்களுக்கு ஒரு தனியார் கூரியர் முந்தியது. கிராமங்களுக்கும் சின்ன ஊர்களுக்கும் வீட்டு வாசலுக்கே வந்தது தபால் மட்டும்தான். ஆகவே முகவரியைப் பார்த்து இரண்டாகப் பிரித்துக்கொண்டாள்.

பிறகு ரேட்டைப் பேசினாள். வடகம் எடை குறைவு, இடம் அதிகம். கூரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து ஒரு 'வால்யூம் வெயிட்' போடுவார்கள். 30 சென்டிமீட்டர் சதுரப் பெட்டி என்றால் உள்ளே இரண்டு கிலோ இருந்தாலும் 5.4 கிலோவுக்குக் கட்டணம். எனவே 'கிலோவுக்கு எவ்வளவு' என்று கேட்பதை விட்டுவிட்டு, தன் பெட்டியைக் கொண்டுபோய் 'இந்தப் பெட்டிக்கு எவ்வளவு' என்று கேட்டாள். பெட்டியையும் சின்னதாக்கினாள். உள்ளே பிளாஸ்டிக் உறை, வெளியே கோணி.

ஒவ்வொரு சீட்டிலும் மதிப்பை எழுதுகிறாள். "அதெல்லாம் வேணாங்க்கா, சும்மா போகும்" என்று பையன் சொன்னால், "நீ எழுதுடா, சும்மா போறப்ப போகட்டும்" என்பாள். பெரிய ஆர்டரை ஒரே நாளில் ஒரே வண்டியில் அனுப்புவதில்லை. புக்கிங் தேதியிலிருந்து 180ஆவது நாளை அவள் மகள் நோட்டில் குறித்து வைக்கிறாள். 'கேஷ் ஆன் டெலிவரி' கேட்பவர்களிடம் பாதிப் பணத்தை ஜி-பேயில் முன்னால் வாங்கிவிடுகிறாள். வாங்க மறுத்தால் போக வரக் கூலி இரண்டும் அனுப்பியவர் தலையில் விழும் என்பதை ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டாள்.

எந்தத் தனியார் கூரியர் என்று நீங்கள் கேட்கலாம். பெயர் முக்கியமில்லை என்பதுதான் என் அனுபவம். இவையெல்லாம் பெரும்பாலும் ஃபிரான்சைஸ். ஒரே பலகைக்குக் கீழே பெரம்பலூரில் ஒருவர் ஒழுங்காக நடத்துவார், அரியலூரில் வேறொருவர் போனை எடுக்கவே மாட்டார். அக்கா தேர்ந்தெடுத்தது ஒரு கம்பெனியை அல்ல, ஒரு கிளைக்காரரை. ஏன் அவர் என்று கேட்டேன். "ஒரு தடவை பார்சல் லேட்டாச்சு. நான் போன் பண்றதுக்கு முன்னாடி அவரே பண்ணி, 'அம்மா, தப்பு எங்க பக்கம்தான்'னு சொன்னாரு" என்றாள். என் பன்னிரண்டு பத்திகளில் இதற்கு இடம் இல்லை.

*

1898 சட்டம் 2024 ஜூன் 18ஆம் தேதியோடு போய்விட்டது. புதிய தபால் அலுவலகச் சட்டத்தில் கடிதத்தின் மீது அரசுக்குத் தனியுரிமை கிடையாது. கண்டக்டர் அண்ணன் இனித் தாராளமாகக் கவர் வாங்கலாம். ஆனால் விதிகளில் ஏற்றுக்கொண்ட அளவுக்கு மேல் பொறுப்பில்லை என்ற பழைய வரி, புதிய சட்டத்திலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2025 முதல் ரிஜிஸ்டர் தபாலும் தனிச் சேவையாக இல்லை, ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்த அன்று அக்காவுக்குப் போன் செய்தேன். "அப்ப அந்த ஒப்புகை அட்டை?" என்று கேட்டாள்.

நோட்டீஸுக்கு வந்த அட்டையை அவள் வைத்திருக்கிறாள். தோட்டை மீட்ட அடகுச் சீட்டோடு சேர்த்து, அரிசிப் பானைக்குப் பின்னால் உள்ள தகர டப்பாவில்.